லண்டனிலிருந்து பாரிசுக்கு மாதாமாதம் போய்வருவது: 90 நாள் கணக்கு உண்மையில் எப்படி

நீங்கள் கேட்டது மேலோட்டமாக "மாதாமாதம் பிரான்ஸ் போகலாமா" என்பதுதான், ஆனால் விவரத்தைப் படித்தால் அது மூன்று கேள்வி. உங்களிடம் இருப்பது பிரித்தானியக் கடவுச்சீட்டு. அம்மா பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ்வில் அக்கா வீட்டில் இருக்கிறார், உடம்பு சரியில்லை, மாதம் இரண்டு கிழமை போய் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் "ஒரு நாள் லண்டன் வந்து திரும்பினால் 90 நாள் புதிதாகத் தொடங்கிவிடும்" என்கிறார். இன்னொருவர் "ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் போகலாம்" என்கிறார். யார் சொல்வது சரி, அப்புறம் இலங்கைக் கடவுச்சீட்டும் இங்கே நிரந்தர வதிவிட உரிமையும் வைத்திருக்கும் கணவர் கூட வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொன்னதும் பிழை. நான் லண்டனில் எங்கள் ஆட்களுக்கு விசாப் படிவம் நிரப்பிக்கொடுக்கும் வேலையில் பல வருடமாக இருப்பவன். பிரெஞ்சுச் சட்டத்தரணி இல்லை. அதனால் எழுத்தில் உள்ள விதி எது, எல்லையில் நிற்கும் அதிகாரியின் கையில் உள்ளது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. 2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியக் குடிமக்கள் ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் ஒரே குறுகிய வருகை விதியை வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கு, வெளியார். குறுகிய வருகைக்கு விசா தேவையில்லை, ஆனால் எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. இந்த "எந்த" என்ற சொல்லில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். ஜனவரியிலிருந்து ஜூன், ஜூலையிலிருந்து டிசம்பர் என்று வருடத்தை இரண்டாக வெட்டுவது கிடையாது. நீங்கள் முதலில் போன நாளிலிருந்து ஆறு மாதம் எண்ணுவதும் கிடையாது; அப்படி ஒரு கணக்கு முன்பு இருந்தது, 2013 அக்டோபர் 18 இல் மாற்றிவிட்டார்கள். இப்போது செய்ய வேண்டியது இதுதான்: நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். அதற்குள் ஷெங்கனில் நின்ற நாட்கள் எத்தனை என்று கூட்ட வேண்டும். 90 அல்லது அதற்குக் கீழ் என்றால் சரி. மறுநாள் அந்த 180 நாள் ஒரு நாள் முன்னே நகரும், திரும்பவும் அதே கணக்கு.

ஆகவே ஒரு நாள் வெளியே வந்து போனால் கணக்கு பூச்சியத்துக்குத் திரும்பாது. உதாரணத்துக்கு, 2026 ஜனவரி 1 இல் போய் மார்ச் 31 வரை ஒரேயடியாக நின்றால் சரியாக 90 நாள், அன்றே வெளியேற வேண்டும். அடுத்து எப்போது உள்ளே போகலாம்? ஏப்ரல் 1 இல் இல்லை, மே மாதத்திலும் இல்லை. ஜூன் 29 இல் எண்ணினால்கூட ஜனவரி 1 இன்னும் 180 நாளுக்குள் இருக்கும், 91 வந்துவிடும். ஜூன் 30 தான் முதல் நாள். அன்றிலிருந்து தினமும் பழைய நாள் ஒன்று கழன்றுகொண்டே போகும் என்பதால் திரும்பவும் 90 நாள் வரை நிற்கலாம். முழு 90 ஐயும் செலவழித்தவர் முழு 90 நாள் வெளியே இருந்தால் முழு 90 ஐயும் திரும்பப் பெறுவார் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயம் வேறு மாதிரி, துண்டு துண்டாகப் போகிறீர்கள். மாதம் 1 ஆம் திகதி போய் 15 ஆம் திகதி திரும்புவதாக வைப்போம். மாதத்துக்கு 15 நாள், ஆறு மாதத்தில் 90. ஆறு மாதம் என்பது குறைந்தது 181 நாள் வரும் என்பதால், ஏழாவது மாதம் நீங்கள் நுழையும்போது முதல் மாதத்து நாட்கள் கழியத் தொடங்கியிருக்கும். வருடம் முழுக்க இப்படியே போய்வந்தாலும் விதி மீறப்படாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கையிருப்பில் ஒரு நாள்கூட இல்லாத கணக்கு இது. ஆறாவது மாதம் 15 ஆம் திகதி லண்டன் வரும் யூரோஸ்டார் ரயில் ரத்தாகி 16 ஆம் திகதி வந்தீர்களோ, 91. போன நாளும் திரும்பிய நாளும் இரண்டுமே முழு நாளாகத்தான் எண்ணப்படும். இரவு பதினொன்றரைக்குப் போய் இறங்கினாலும் அது ஒரு நாள். "இரண்டு கிழமைதானே" என்று சனிக்கிழமை போய் அடுத்ததற்கு அடுத்த சனிக்கிழமை திரும்புபவர்கள் 14 என்றே நினைக்கிறார்கள், அது 14 இரவு, 15 நாள். என் யோசனை மாதம் 12 நாளோடு நிறுத்துங்கள். ஆறு மாதத்துக்கு 72 ஆகும், 18 நாள் மிஞ்சும். அம்மாவுக்கு ஏதாவது அவசரம் என்று ஓடவேண்டி வந்தால் அந்த 18 நாள்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். வயதானவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது இதையே.

ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று ஷெங்கன் விதியில் எங்கும் இல்லை. எத்தனை தடவை போகலாம் என்பதற்கும் உச்சவரம்பு இல்லை. இந்த "இடைவெளி" கதை எங்கள் ஆட்களிடம் இவ்வளவு பரவியிருப்பதற்கு இந்தியா காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். 2009 கடைசியில் இந்தியா சுற்றுலா விசாக்காரருக்கு இரண்டு மாத இடைவெளி என்று ஒரு விதி போட்டது, சென்னைக்குப் போய் அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பவும் சென்னைக்கு வர நினைத்த பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர்கள் அதில் நன்றாக அவதிப்பட்டார்கள். 2012 டிசம்பரில் பெரும்பாலான நாட்டவருக்கு அதை எடுத்துவிட்டார்கள். பிரான்சுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொன்று, இது பிரான்சுக்கு மட்டுமான 90 இல்லை. ஷெங்கனில் இப்போது 29 நாடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 90. நடுவில் சூரிச்சில் கல்யாணம், டோர்ட்மண்டில் சாமத்திய வீடு, ஹாம் காமாட்சி அம்பாள் தேர் என்று போனால் அந்த நாட்களும் அம்மாவுக்காக வைத்திருக்கும் நாட்களிலிருந்துதான் கழியும். சுவிசும் நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே என்று ஒரு வாதம் வரும். ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கின்றன. குரோவேசியா 2023 ஜனவரியில் சேர்ந்தது, ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியோடு தரை எல்லை உட்பட முழுதாகச் சேர்ந்துவிட்டன. அயர்லாந்தும் சைப்பிரசும் இந்தக் கணக்கில் வராது.

கடவுச்சீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். இரண்டு நிபந்தனை உண்டு: நீங்கள் உள்ளே போகும் நாளில் அது வழங்கப்பட்டு 10 வருடம் ஆகியிருக்கக்கூடாது, திரும்பும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் எடுத்த பிரித்தானியக் கடவுச்சீட்டுகளில் பழையதில் மிஞ்சிய மாதங்களையும் சேர்த்துப் பத்து வருடம் ஒன்பது மாதம் வரை போட்டுக் கொடுத்திருப்பார்கள். முடியும் திகதியை மட்டும் பார்த்துவிட்டு, பாரிஸ் ரயில் புறப்படும் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

முத்திரைகள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பழைய பயணங்களின் சாட்சி அவைதான். செயின்ட் பாங்க்ராசில் ரயில் ஏறுவதற்கு முன்பே பிரெஞ்சு எல்லைப் பொலிஸ் பார்த்துவிடும், பாரிசில் இறங்கினால் நேரே வெளியே போகலாம். உள்ளே போகும் முத்திரை நேர்மூலைச் செவ்வகம், வெளியே வரும் முத்திரைக்கு மூலைகள் வளைந்திருக்கும். மேல் மூலையில் ரயிலா, காரா, கப்பலா, விமானமா என்று சின்னப் படம் இருக்கும், பக்கத்தில் அம்புக்குறி. உங்கள் கடவுச்சீட்டை விரித்து, ஒவ்வொரு நேர்மூலை முத்திரைக்கும் ஒரு வளைமூலை முத்திரை ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். வெளியேறிய முத்திரை இல்லை என்றால் நீங்கள் கூடுதலாக நின்றுவிட்டீர்கள் என்று அதிகாரி ஊகித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதை மறுக்கும் பொறுப்பு உங்களுடையது. ரயில் டிக்கெட், அன்று லண்டனில் கார்டு போட்ட வங்கிக் கணக்கு விவரம், வேலை இடத்து வருகைப் பதிவு, இவையெல்லாம் செல்லும். அதனால் டிக்கெட் வந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

முத்திரைக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பதியும் இ.இ.எஸ் என்ற கணினி முறை 2025 அக்டோபர் 12 இல் தொடங்கியது, முழு நடைமுறைக்கு என்று வைத்த நாள் 2026 ஏப்ரல் 10. முதல் தடவை முகப் படமும் நான்கு விரல் ரேகையும் எடுப்பார்கள், 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ரேகை கிடையாது. பதிவு மூன்று வருடம் இருக்கும். விதி ஒன்றும் மாறவில்லை, எண்ணும் ஆள் மாறிவிட்டார். முன்பு மங்கிய முத்திரைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு "சரி போங்கள்" என்று விட்டது உண்டு. இப்போது கணினி கூட்டிச் சொல்லும், 91 என்றால் 91 தான். நீங்களும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க ஐரோப்பிய ஆணையம் இணையத்தில் ஒரு நாள் கணிப்பான் வைத்திருக்கிறது, திகதிகளைக் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று சொல்லும். ஒவ்வொரு டிக்கெட் போடுவதற்கு முன்னும் அதைப் பாருங்கள். எட்டியாஸ் என்ற முன்அனுமதியும் வர இருக்கிறது, 20 யூரோ, மூன்று வருடத்துக்குச் செல்லும், 18 வயதுக்குக் கீழும் 70 க்கு மேலும் கட்டணமில்லை. அது கையில் இருந்தால் 90 கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி நிச்சயம் சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். 90 நாள் மிச்சம் இருப்பது உள்ளே விடுவதற்கான உத்தரவாதம் ஆகாது. ஏன் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்கலாம், திருப்தி இல்லை என்றால் மறுக்கவும் செய்யலாம். மாதம் தவறாமல் போகும் ஒருவரைப் பார்த்து "நீ அங்கேயே குடியிருக்கிறாயா" என்று ஒரு அதிகாரிக்குத் தோன்றலாம், மற்றவருக்குத் தோன்றாமலும் போகலாம். நான் பார்த்த அளவில் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு கேள்விக்கு மேல் வருவதில்லை. ஆனாலும் மூன்று பத்திரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: திரும்பும் டிக்கெட், லண்டனில் வேலை அல்லது வீடு இருப்பதற்குச் சான்று, அம்மாவின் மருத்துவக் கடிதம். உறவினர் வீட்டில் தங்குபவருக்குச் சட்டப்படி இன்னொன்றும் தேவை, அக்கா தன் நகரசபையில், அதாவது பாரிஸ்காரர் மேரி என்று சொல்லும் இடத்தில், எடுத்துத் தரும் அழைப்புச் சான்றிதழ். 30 யூரோ வரி முத்திரை வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். பிரித்தானியர்களிடம் இதைக் கேட்பது அரிது என்றாலும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. மாதாமாதம் இதை எடுப்பது நடைமுறையில் பெரும் தலையிடி, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நீண்ட நாள் நிற்கப்போகும் பயணத்துக்காவது எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அக்கா வீட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து லண்டன் வேலையைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரான்சில் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது என்பது உறுதி. லண்டன் முதலாளிக்கு அங்கிருந்து ஒன்றிரண்டு நாள் மின்னஞ்சல் பார்ப்பது வேறு, மாதத்தில் பாதி நாள் முழுநேரமாகச் செய்வது வேறு. இரண்டாவதை ஒரு அதிகாரி வேலை என்றே எடுத்துக்கொள்ளலாம், வரியும் சமூகப் பாதுகாப்பும் சேர்ந்து வரக்கூடிய விஷயம் அது. எல்லையில் வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டால் அம்மாவைப் பார்க்க என்பதுதான் உண்மை, அதையே சொல்லுங்கள். முதலாளியிடம் எழுத்தில் அனுமதி கேட்டுவைப்பது உங்கள் வேலைக்கும் பாதுகாப்பு.

அம்மாவின் நிலை மோசமாகி 90 நாள் போதாது என்று வந்தால், நின்றுகொண்டே யோசிக்காதீர்கள், முன்கூட்டியே வேறு வழிக்குப் போங்கள். பிரான்சுக்கு நீண்டகால வருகையாளர் விசா என்று ஒன்று இருக்கிறது, கட்டணம் 99 யூரோ, லண்டனிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். செலவுக்குப் போதிய வருமானம், மருத்துவக் காப்புறுதி, அங்கே வேலை செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி வேண்டும். அந்த விசாவில் பிரான்சில் நிற்கும் நாட்கள் 90 நாள் கணக்கில் சேராது. உள்ளே நிற்கும்போது நாள் நீட்டிக்க உள்ளூர் பிரிபெக்சரில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கேட்கவும் முடியும், ஆனால் அது எதிர்பாராத அவசரத்துக்கும் மனிதாபிமான காரணத்துக்கும் மட்டும். அந்த 90 முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். அக்காவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தாலும், அதனால் சகோதரிக்கு என்று தனி உரிமை எதுவும் வராது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: பிரெக்சிட்டுக்கு முன் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் கடவுச்சீட்டோடு லெஸ்டரிலும் ஹரோவிலும் வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் நீங்களும் ஒருவராக இருந்து, அந்தப் பழைய குடியுரிமை இன்னும் இருக்கிறது என்றால், இவ்வளவு நேரம் நான் எழுதிய எந்தக் கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது.

கணவர் விஷயம் தனி. இங்கே நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் ஷெங்கனுக்குள் போவதைத் தீர்மானிப்பது கடவுச்சீட்டுதான், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம். 2024 ஜூன் 11 முதல் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப நிலையம் தன் சேவைக் கட்டணத்தையும் மேலே வாங்கும். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி, சில விண்ணப்பங்களை 45 நாள் வரை இழுக்க அவர்களுக்கு இடம் உண்டு. கோடைக்கும் நத்தாருக்கும் முன்னால் நேரம் கிடைப்பதே பெரும்பாடு.

விசா ஒட்டி வந்ததும் அந்த ஸ்டிக்கரில் மூன்று இடத்தைப் பாருங்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்பது ஒன்று, எத்தனை நுழைவு என்பது இரண்டாவது, அதற்குப் பக்கத்தில் எத்தனை நாள் நிற்கலாம் என்பது மூன்றாவது. நுழைவு என்ற இடத்தில் 01 என்று இருந்தால் ஒரு தடவை வெளியே வந்ததும் விசா முடிந்தது, திகதி மிச்சம் இருந்தாலும் பயனில்லை. பல நுழைவுக்குக் கொடுத்தால் எண்ணுக்குப் பதில் எழுத்தில் மல்ட் (MULT) என்று இருக்கும். ஒரு வருட விசா, நாள் 90 என்று இருந்தால் ஒரு வருடம் நிற்கலாம் என்று அர்த்தம் இல்லை, உங்களுக்குச் சொன்ன அதே 180 க்குள் 90.

முதல் விண்ணப்பத்திலேயே நீண்ட விசா கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2020 பெப்ரவரியில் வந்த மாற்றத்தின்படி இது படிப்படியாகப் போகிறது: முந்தைய இரண்டு வருடத்துக்குள் மூன்று விசா எடுத்துச் சரியாகப் பயன்படுத்தியவருக்கு ஒரு வருடப் பல நுழைவு விசா, அதன்பின் இரண்டு வருடம், அதன்பின் ஐந்து வருடம். 2024 ஏப்ரலில் இரண்டு விசாவோடு இரண்டு வருடம் என்று வந்த சலுகையை வாட்ஸ்அப்பில் எல்லாரும் அனுப்பினார்கள், அது இந்தியாவில் வசித்து அங்கே விண்ணப்பிக்கும் இந்தியருக்கு. உங்கள் கணவருக்கு உதவக்கூடிய வேறொரு வரி அதே சட்டத்தில் இருக்கிறது: அடிக்கடி போகவேண்டிய தேவையை நிரூபித்து, நம்பத்தகுந்தவர் என்றும் காட்டுபவருக்கு அந்தப் படிகளைத் தாண்டியும் பல நுழைவு விசா கொடுக்கலாம். கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுக்க வேண்டும் என்று இல்லை. அதனால் விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள்: மாமியாரின் நோய் என்ன, யார் பார்க்கிறார்கள், மாதத்தில் எத்தனை நாள் வரவேண்டியிருக்கும், ஏன் திரும்பி லண்டன் வருவார் என்று. பிரெஞ்சு மருத்துவமனைக் கடிதம், உங்கள் திருமணச் சான்று, அவருடைய வேலைக் கடிதம், கடைசி மூன்று மாத வங்கி விவரம், முன்பு ஷெங்கன் விசா எடுத்திருந்தால் அதன் பிரதி, எல்லாம் அதன் பின்னால். இங்கே வதிவிட உரிமை அட்டைகள் 2024 டிசம்பர் 31 ஓடு காலாவதியாகிவிட்டன, இப்போது அது இணையக் கணக்கில்தான் இருக்கிறது. விண்ணப்பிக்க முன் அந்தக் கணக்கில் அவருடைய இப்போதைய கடவுச்சீட்டு இலக்கம்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய இலக்கமே அங்கே கிடந்தால் போகும்போது பிரச்சினை இருக்காது, பாரிசிலிருந்து திரும்பி ரயில் ஏற நிற்கும்போதுதான் அது தெரியவரும்.